அளக்காத வீடு

கேலரிக்காரர்களே, டோர்னமென்ட் மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். அண்ணனைப் பற்றி, சின்ன வயதில் பார்த்ததை மட்டும் எழுது, சோகம் வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் பம்ப்செட் விளம்பரம் வருகிறது என்றீர்கள். அதே வாயால், அண்ணனுடைய அக்கா பேத்தி இந்த வருஷம் ஏன் ஆடப்போவதில்லை, நீ எதற்கு அவர்கள் வீட்டுக்குப் போய் என்னத்தையோ சொல்லிக் கெடுத்தாய் என்றும் கேட்கிறீர்கள். வாட்ஸாப் குரூப்பில் சில பேர் என் குட்மார்னிங்குக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டீர்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அது ஒரு பக்கத்தில் அடங்காது. விளம்பரத்தைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. அதனால் உருக்கமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

புதிதாக இந்த மலரைக் கையில் எடுக்கிறவர்களுக்கு: அண்ணன் என்று நாங்கள் சொல்வது என் கூடப் பிறந்தவரை அல்ல. மில் டீமுக்காகக் கூடைப்பந்து ஆடியவர். ஆடினது கொஞ்ச காலம், வாழ்ந்ததும் கொஞ்ச காலம். அவர் பெயரில்தான் வருஷா வருஷம் மே மாதம் இந்த டோர்னமென்ட் நடக்கிறது. அவருக்கு எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது அதிகம் இருக்கும். அன்றைக்குக் கேலரியில் உட்கார்ந்து பார்த்த நாங்கள் எல்லோரும் இப்போது அறுபதைத் தாண்டியாயிற்று, அவர் இன்னும் அண்ணன்தான்.

என் அப்பா மில்லில் டைம் ஆபீஸில் இருந்தார். சாயங்காலம் ஆனால் டீம் மேனேஜர். அந்தக் காலத்தில் மில்களுக்குள் நூலில் இருந்த போட்டியைவிடப் பந்தில் இருந்த போட்டி பெரிது. உயரமான ஆள் எங்கே இருக்கிறான் என்று ஊர் ஊராகத் தேடுவார்கள். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போனால் பெண் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். பந்தலில் யாருக்குத் தலை தட்டுகிறது என்று பார்ப்பார். அப்படி வெள்ளகோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில், ஸ்டூல் போடாமல், எக்காமல், பந்தல் மூங்கிலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு அப்பா சாப்பாட்டையே மறந்துபோனார்.

"ஏனுங்க தம்பி, பந்து வெளையாடுவீங்களா?"

"கபடிதானுங்க தெரியும்."

"அது போதுமுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

அண்ணனுக்கு நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தங்கினார். கட்டில் பத்தவில்லை. அப்பா மில் தச்சரிடம் சொல்லி ஒரு பெஞ்சு செய்து கால்மாட்டில் சேர்த்துப் போட்டார். கட்டிலைவிடப் பெஞ்சு ஒரு விரல் உயரம். அண்ணனின் முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு மேடு இருக்கும். அது பழகிவிட்டது என்பார். மில்லிலிருந்து வரும்போது முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், தேங்காயெண்ணெயும் பஞ்சும் கலந்து ஒரு வாசனை. பிற்பாடு எந்த ஸ்பின்னிங் மில்லைத் தாண்டிப் போனாலும் எனக்கு அந்த ஞாபகம் வரும். இப்போது மில்லும் இல்லை, அந்த இடத்தில் அபார்ட்மென்ட்.

நான் சொல்லப்போவது எனக்குப் பத்து வயதாக இருந்த கோடை லீவு. அண்ணன் டீமில் முழுதாக ஆடிய ஒரே சீசன் அதுதான்.

அவருக்குக் கண் பார்வை மோசம். சோடாபாட்டில் அடி மாதிரி கண்ணாடி. ஓடும்போது விழாமல் இருக்க, என் அம்மா பாவாடையில் போட வைத்திருந்த எலாஸ்டிக்கை வெட்டிக் கொடுத்தார். அதைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடுவார். ஒருமுறை எலாஸ்டிக் அறுந்து கண்ணாடி கோர்ட்டில் விழுந்தது. எதிர் டீம்காரர்களும் நின்றுவிட்டார்கள், மிதித்துவிடக் கூடாது என்று. ரெஃப்ரிதான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

மத்தியான வெயிலில் சட்டையைக் கழற்றிப்போட்டு அந்தப் பெஞ்சுக் கட்டிலில் மல்லாந்து கிடப்பார். நெஞ்சின் நடுவில் ஒரு குழி இருக்கும், சின்னக் கிண்ணம் அளவுக்கு. நான் அதில் கோலிக்குண்டை வைப்பேன். மூச்சு ஏற இறங்கக் குண்டு அசையும், உருளாது. "உளுந்துபோச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பார். இல்லை என்றால் இன்னொன்று வை என்பார்.

அப்புறம் எலி. உங்கள் எல்லோருக்கும் எலி ஞாபகம் இருக்கும், மலரில் பாதிப்பேர் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற நான்கு விரலையும் அதன்மேல் மூடுவார். சுண்டுவிரல் பக்கம் நகத்தோடு கட்டைவிரல் நுனி வெளியே வரும். "எலி எட்டிப் பாக்குது பாரு கண்ணு" என்று ஆட்டிக் காட்டுவார். நாம் எல்லோரும் செய்து பார்ப்போம். நம்முடைய எலியெல்லாம் வளைக்குள்ளேயே கிடக்கும். கையை இழுத்து இழுத்து விரல் சுளுக்கிக்கொண்டவர் நம் குரூப் அட்மின்.

கோர்ட்டுக்கு எதிரில் இருந்த பேக்கரிதான் நமக்கு இன்னொரு கேலரி. அதன் வாசல் தூணில் பேக்கரிக்காரர் அண்ணனை நிறுத்தித் தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டார். முதலில் விளையாட்டுக்குத்தான். பிறகு அது ஒரு சடங்காகிவிட்டது. எந்த வெளியூர் டீம் வந்தாலும் அதில் நெட்டையான ஆளைக் கூட்டிவந்து தூணில் நிறுத்துவார்கள். அண்ணன் கோட்டைத் தொட முடியாமல் அவர் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போவார். நமக்குப் பெருமை தாங்காது. கையை விரித்து அளந்தார்கள், உள்ளங்கையை அளந்தார்கள், பாதத்தைப் பேக்கரி சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தார்கள். கோட்டைமேட்டிலிருந்து ஜெர்சி தைக்க வந்த டெய்லர் பாய், இரண்டு கையையும் நீட்டச் சொல்லி டேப்பைப் பிடித்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு ஆளைவிட ரெக்கை பெருசுங்க" என்றார். அதற்கும் கைதட்டினோம். அண்ணன் கூச்சத்தோடு நிற்பார். நிற்கச் சொன்னால் நிற்பார், நீட்டச் சொன்னால் நீட்டுவார்.

அவருடைய அம்மா ஒரே ஒரு தடவை வந்தார். அவிநாசிக் கோயிலுக்கு வந்தவர் அப்படியே மகனைப் பார்க்க வந்தார். பேக்கரியில் உட்காரவைத்து டீ கொடுத்து, பேக்கரிக்காரர் பெருமையாகத் தூணைக் காட்டினார். அந்தம்மா டீயைக் குடிக்கவில்லை.

"ஏனுங்க, உசுரோட இருக்கற பையன இப்படிக் கோடு போட்டு வெக்கலாமுங்களா? எங்கூர்ல ஆள அளக்கறது குழி வெட்டறதுக்குத்தானுங்க."

"அட நீங்க ஒண்ணுங்க. இது வெளையாட்டுங்க அம்மா."

அந்தம்மா முந்தானையால் அந்தக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

மே மாதம் டோர்னமென்ட் ஆரம்பித்தது. சாயங்காலம் கோர்ட்டுக்குத் தண்ணீர் அடிப்பார்கள், சுட்ட சிமெண்டிலிருந்து ஆவி வரும். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்து பந்தை ஒரு சாண் தள்ளும். அதைக் கணக்குப் பண்ணித்தான் நம் ஆட்கள் ஷூட் பண்ணுவார்கள், வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். கேலரி பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், எல்லோரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்காரும்போது தொடையைப் பிடித்துக் கடிக்கும். வறுகடலை, ரோஸ்மில்க், பீடி. ரீபவுண்டுக்கு அண்ணன் எழும்பினால் நாம் எழும்ப வேண்டியதில்லை, பந்து அவருடையதுதான் என்று தெரியும். ஆனாலும் எழும்புவோம்.

செமிஃபைனலுக்கு முந்தின நாள் ஒரு பேச்சு கிளம்பிற்று. எதிர் மில் மேனேஜர் பேக்கரியில் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார் என்று. வாங்கிக் கொடுத்தது உண்மைதான். அண்ணனுக்கு யார் வேண்டுமானாலும் டீ வாங்கிக் கொடுப்பார்கள், அவர் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். ஆனால் அப்பாவிடம் வந்து சொன்னவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

செமிஃபைனலில் இரண்டாம் பாதி. அண்ணன் ஒரு ரீபவுண்டுக்கு எழும்பிப் பந்தோடு இறங்கினார். பந்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அப்புறம் ஒரு கையை முதுகுக்குக் கொண்டுபோய், யாரையோ தேடுகிறவர் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு, நடுக்கோட்டில் உட்கார்ந்தார். விழவில்லை. உட்கார்ந்தார். டைம் அவுட் கேட்டுவிட்டு அப்பா போனார். நான் கேலரியின் கீழ்ப்பலகையில் இருந்தேன், அதனால் கேட்டது.

"முதுகுக்குள்ள பழைய வேட்டி கிழியறாப்பல இருக்குதுங்க."

"எந்திரிங்க தம்பி. ஆளுக பாக்குறாங்க."

"சித்த நேரம் உக்காந்துக்கறனுங்க."

அப்பா குனிந்தார். அவர் யாரிடமும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அன்றைக்கும் குறைக்கவில்லை.

"வேற மில்லுக்குப் போறதுன்னா தாராளமாப் போங்க தம்பி. அதுக்கு இப்படி நடிக்கோணுமுங்களா?"

அண்ணன் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தார். எழுந்துவிட்டார். மீதி ஆட்டம் முழுக்க நடந்துகொண்டே ஆடினார். தோற்றோம். அப்போது கேலரியிலிருந்து என்னென்ன சத்தம் வந்தது, கடலைத் தொலியும் ரோஸ்மில்க் டம்ளரும் எங்கே போய் விழுந்தன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலரில் அதை மட்டும் ஒருத்தரும் எழுதவில்லை.

அந்த ராத்திரி அம்மா, பையன் மூஞ்சி வெளுத்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். "அடிபட்டா வீங்கோணும். வீக்கம் எங்க?" என்று கேட்டார் அப்பா. மில் டிஸ்பென்சரியில் முதுகுக்குத் தேய்க்க எண்ணெய் கொடுத்தார்கள். டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். டீமுக்காகக் கொடுத்த வேலை, அதுவும் அத்தோடு போயிற்று. அண்ணன் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினார். பஸ்ஸில் நிமிர்ந்து நிற்க முடியாது, அதனால் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். போய்ட்டு வாரேன் கண்ணு என்று என்னிடம் சொன்னார். கட்டிலும் பெஞ்சும் அப்படியே கிடந்தன. கட்டிலை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார், பெஞ்சு எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆடிக் காற்று ஆரம்பித்தபோது செய்தி வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

மில் வேனில் எல்லோரும் போனோம். அப்பாவும் வந்தார், பேக்கரிக்காரரும் வந்தார், உங்களில் பலரும் அப்பாமார் மடியில் உட்கார்ந்து வந்தீர்கள். சோளத்தட்டுப் போரும் முள்வேலியும் ஒரு பூவரச மரமும் இருந்த வாசல். கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள், கால் வெளியே நீண்டிருந்தது. யாரோ ஒருவர் குழிக்கு அளவெடுக்கக் கயிற்றோடு வந்தார். அண்ணனின் அம்மா பாய்ந்து அந்தக் கயிற்றைப் பிடுங்கினார்.

"இன்னும் அளக்கோணுமா? அளந்து அளந்தே எம்பையனக் கொன்னுபோட்டீங்களே. இன்னும் அளக்கோணுமா?"

அதை அவர் கயிறு கொண்டுவந்தவரைப் பார்த்துச் சொல்லவில்லை. நம் வேனைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் யாரும் அளக்கவில்லை. கண்ணளவில் குழி வெட்டினார்கள். பத்தவில்லை. பாடையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் வெட்டினார்கள். நாங்கள் எல்லோரும் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும்போது வேனில் யாரோ, "கண்ணு பட்டுப்போச்சுங்க" என்றார்கள். உடனே எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆமாம் ஆமாம் என்று பேச ஆரம்பித்தார்கள். கண்திருஷ்டி என்றால் பழி ஊருக்கே பொது, ஆளுக்குக் கொஞ்சம்தான் பங்கு வரும். அப்பாவுக்கு அது வசதியாக இருந்தது. சாகிற வரைக்கும் அதைத்தான் சொன்னார். என் அப்பா கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்தது உயரம் மட்டும்தான். பேக்கரிக்காரர் மறுநாளே தூணுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

சின்ன வயசுக் கதை இவ்வளவுதான். நீங்கள் கேட்ட பக்கம் இங்கே முடிகிறது.

அந்த வீட்டில் அதற்கப்புறம் யாரையும் அளப்பதில்லை. அண்ணனுக்கு ஒரே அக்கா. கல்யாணமாகிப் போன இடத்திலும் அதையே சட்டமாக வைத்துவிட்டார். ஜாக்கெட் தைக்க ஆளை அளக்க விடமாட்டார், பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து இதே மாதிரி தை என்பார். மகள் பிறந்தபோது நர்ஸம்மா எடை பார்த்துவிட்டார் என்று பெரிய சண்டை. பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்கிற நாளில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். அரிசி பருப்பை மட்டும்தான் அளப்பார்கள். நாம் இதையெல்லாம் ஒரு வேடிக்கையாகவே பேசியிருக்கிறோம்.

அக்கா இப்போது துடியலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மகளின் மகள் பதினொன்றாம் வகுப்பு. அப்படியே அண்ணன். உயரம், கண்ணாடி, நீண்ட கை, எல்லாம். எங்கே போனாலும் கூனிக்கொண்டு நின்ற பெண், பள்ளிக்கூடத்தில் பந்தைக் கையில் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தாள். அளக்க மாட்டோம் என்று சொன்னால் சேர்க்கலாம் என்று அக்கா நிபந்தனை போட, பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு அளவு என்று பி.டி. டீச்சர் சேர்த்துக்கொண்டார். நீங்கள் அவளைக் கண்டுபிடித்தீர்கள். ஸ்டேட் செலக்ஷனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தீர்கள். இந்த மே மாதம் அண்ணன் நம்பர் போட்ட ஜெர்சியோடு அவள் காட்சி ஆட்டம் ஆடுவதாக முடிவானது. அவள் எலி காட்டுகிற வீடியோவைக் குரூப்பில் போட்டு, "அண்ணன் திரும்பி வந்துட்டார்" என்று எழுதினீர்கள். நானும் அதற்கு ஒரு இதயம் போட்டேன்.

அந்த வாரம் எனக்கு இதய டாக்டரிடம் செக்கப். ஸ்டென்ட் வைத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவேன். டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டிருந்தபோது, பெருமை தாங்காமல் அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு யாருங்க?"

சொன்னேன். அண்ணனைப் பற்றியும் சொன்னேன்.

"அவரு கண்ணாடி போட்டிருந்தாருங்களா? நெஞ்சுல குழி மாதிரி இருந்துச்சுங்களா?"

எனக்குக் கோலிக்குண்டு ஞாபகம் வந்தது. இருந்தது என்றேன்.

"எப்படி இறந்தாரு?"

அதையும் சொன்னேன். அவர் வீடியோவை நிறுத்தி, அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே பேசினார். அந்த நோய்க்கு ஒரு வெளிநாட்டு வைத்தியர் பெயர், என் வாயில் நுழையவில்லை. உடம்பைப் பிடித்துக் கட்டியிருக்கிற நாரே பிறவியிலிருந்து பலவீனமாக இருக்குமாம். அதனால்தான் ஆள் நீளுகிறது, விரல் நீளுகிறது, கண் கெடுகிறது, நெஞ்சு குழிகிறது. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி ஒரு நாள் கிழிந்துவிடும். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. இப்போது கண்டுபிடித்துவிட்டால் மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் கிழிவதற்கு முன்னாலேயே ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் கண்டுபிடிக்க வேண்டும்.

"எக்கோ ஸ்கேன்ல அந்தக் கொழாய் அகலத்த அளந்து பாக்கோணுமுங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ண ஓட விடாதீங்க."

நாம் கைதட்டிய எல்லாமே அந்த நோய்தான். அதை நினைத்து ஏதாவது தோன்றும் என்று ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. துடியலூர் பஸ் வந்தது, ஏறினேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். மகள் வேலை விட்டு அப்போதுதான் வந்திருந்தார். பேத்தி பிராக்டீஸுக்குப் போக ஷூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. உங்கப்பா சாடையே இருக்குதுங்க" என்றார் அக்கா. "நல்ல மனுசருங்க. ஒரு வார்த்தை மரியாதை கொறைச்சுப் பேசுனதில்லைன்னு எந்தம்பி சொல்லுவான்."

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பாப்பாவுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கோணுமுங்க அக்கா. வலியெல்லாம் இருக்காது. நெஞ்சுல வெச்சு அளந்து பாப்பாங்க." வேறு வார்த்தை தேடியிருக்க வேண்டும். அதுதான் வந்தது.

"எங்கூட்ல அளக்கறதில்லீங்க தம்பி. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"அடுத்த வாரம் செலக்ஷனுங்க" என்றார் மகள். "இப்பப் போயி எதுக்குங்க ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னுட்டு. நல்லது நடக்கறப்ப அந்தப் பேச்சு எதுக்குங்க?"

பேத்தி ஷூ கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குக் கண்ணு படலீங்க அக்கா. அது நோயாமுங்க. டாக்டரம்மா சொன்னாங்க. நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்கொழாய் வீங்கி வீங்கி ஒரு நாளைக்குக் கிழிஞ்சிருமாம்."

அக்காவின் கை நின்றது. "என்னன்னீங்க?"

"கிழிஞ்சிரும்னாங்க."

அவர் மடித்த துணியை மறுபடியும் பிரித்தார். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, யாரும் எழுந்து போகவில்லை.

"அவனும் அதையேதானுங்க சொன்னான். வந்த நாள்ல இருந்து, அக்கா கிழியறாப்பல இருக்குது, கிழியறாப்பல இருக்குதுன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? போயி மேனேஜர்கிட்ட மன்னிப்புக் கேளு, எல்லாஞ் செரியாப் போயிரும்னேன்."

பிறகு கேட்டார். "எனக்கும் பாக்கோணுமுங்களா?"

"பாக்கோணுமுங்க. உங்க வழியாத்தான் வந்திருக்கோணும்னாங்க."

"அப்ப முதல்ல என்னைய அளக்கட்டும். அளந்துபோட்டு ஒரு வாரம் நான் உசுரோட இருந்தா, அப்பறம் புள்ளைய அளக்கலாம்."

"அம்மாயி, செலக்ஷன் அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றாள் பேத்தி. அக்கா அவள் பக்கத்திலிருந்த பந்தை எடுத்துத் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். எக்கோ டேபிளில் ஏறும்முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாரையோ பார்த்துக் கும்பிட்டார். எழுபத்து நாலு வயதில், தம்பி போன பிறகு முதல் தடவையாக அவரை அளந்தார்கள். அவருக்கும் குழாய் அகலமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் தாங்கினது பெரிய விஷயம் என்றார் டாக்டரம்மா. பேத்திக்கும் இன்றைக்கே பார்த்துவிடலாமே என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். அக்கா மசியவில்லை. அவள் ஓடாமல் இருந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று கடைசியில் டாக்டரம்மாவே இறங்கி வந்தார். அந்த வாரம் முழுக்க நான் காலையில் எழுந்ததும் துடியலூருக்குப் போன் பண்ணினேன். "இருக்கறனுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிடுவார். அதற்கிடையில்தான் செலக்ஷன் நடந்தது. நீங்கள் கார் ஏற்பாடு செய்து வாசலில் நிறுத்தியதும், அந்தப் பெண் ஏறாததும், நீங்கள் என்மேல் பாய்ந்ததும்.

வாரம் கழிந்தது. அக்கா உயிரோடு இருந்தார். மகளையும் பேத்தியையும் அவரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கும் அகலமாகத்தான் இருந்தது, ஆனால் பேத்தியுடைய குழாய்தான் இருப்பதிலேயே மோசம். அந்த வயதுக்கு அவ்வளவு இருக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. மாத்திரை உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்க வேண்டும், பெரிதானால் ஆபரேஷன், அதற்குப் பயமில்லை. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், வயதாகலாம். ஓடி எழும்பி ஆடக் கூடாது. இனி ஒருபோதும் கூடாது.

இதை மலரில் எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். எழுதுங்கள் தம்பி, வேறு எந்த வீட்டிலாவது எங்களைப் போல அளக்காமல் இருந்துவிடப் போகிறார்கள் என்றார். அதனால் எழுதிவிட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மே மாதம் அவள் வந்தால் மாலை போடாதீர்கள். அண்ணன் மாதிரியே இருக்கிறாய் என்று சொல்லாதீர்கள். எலி காட்டச் சொல்லாதீர்கள். உட்கார இடம் கொடுங்கள், போதும்.

வருவாளா என்று தெரியவில்லை. போன வாரம் மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டு தெருவில் போனார்கள். அவர்கள் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா நான் ஆடியிருப்பேனுங்க."

"ஆமா கண்ணு" என்றேன். "ஆடியிருப்பே."